கொம்பனி ஸ்பீக்கரை மாற்றுதல்: சொகுசுக் காருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாதாரண காரில் ஸ்பீக்கர் மாற்றுவது அரைநாள் வேலை. டோர் போர்ட்டை, அதாவது கதவின் உட்பலகையைக் கழற்றி, நாலு ஆணி, இரண்டு வயர், முடிந்தது. அதே கையோடு பி.எம்.டபிள்யூ, பென்ஸ், ஔடி, லெக்ஸஸ் என்று இறங்கினால், காசு போட்டு வாங்கிய புது ஸ்பீக்கர் பழையதைவிட மோசமாகப் பாடும். இந்தக் கார்களில் ஸ்பீக்கர் தனிப்பொருள் அல்ல. எந்த ஓசையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதைக் கொம்பனி அம்ப் (ஸ்பீக்கர்களுக்குச் சக்தி கொடுக்கும் பெட்டி) அந்தப் பழைய ஸ்பீக்கருக்கென்றே கணக்குப் போட்டு அனுப்புகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் கணக்குப் பிழைக்கும்.

எடுத்துக்காட்டாக நம்மூரான திருகோணமலை ஓட்டங்களில் அடிக்கடி காணும் பி.எம்.டபிள்யூ 520டி, எஃப்10 எனப்படும் தலைமுறையை வைத்துக்கொள்வோம். மற்றக் கார்களில் பாகங்களின் இடம் மாறும், வேலையின் வரிசை மாறாது.

1. எது கெட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

2020 முதல் ஐந்து ஆண்டளவு இலங்கையில் வாகன இறக்குமதி நின்றிருந்ததால், இங்கு ஓடும் சொகுசுக் கார்களில் பல பத்து வயது தாண்டியவை. அவற்றில் "சத்தம் சரியில்லை" என்பதற்குக் காரணம் பெரும்பாலும் தரம் அல்ல, தேய்வுதான்.

ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையத்தை விரலால் மெதுவாகத் தொடுங்கள். பொடியாக உதிர்ந்தால் அது முடிந்துவிட்டது. வெயிலும் ஈரப்பதனும் சேர்ந்தால் நுரை இற்றுப்போகும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரம் நிறுத்தும் கார்களில் இதனோடு முனைகளில் பச்சைக் களிம்பும் சேரும்.

அடுத்து முன் காப்பெற்றை அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஸ்பீக்கரை மறந்துவிட்டு, ஏசித் தண்ணீர் வடியும் குழாயையும் மேற்கூரை ஜன்னலின் வடிகுழாய்களையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். எஃப்10இல் தாழ்ந்த ஓசைக்கான பெரிய ஸ்பீக்கர்களான வூபர்கள் முன் சீற்களின் அடியில், தரையோடு இருக்கின்றன. தண்ணீர் முதலில் சேருமிடம் அதுதான். ஈரத்தை நிறுத்தாமல் புது வூபர் வைத்தால் ஒரு மாரிக்குக்கூடத் தாங்காது.

இடம், வலம், முன், பின் என்று ஒவ்வொரு பக்கமாக ஒலியைத் தள்ளிக் கேளுங்கள். ஒரேயொரு ஸ்பீக்கர்தான் கரகரக்கிறது என்றால் அதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள். எல்லாரும் இந்தப் பக்கத்தை முழுவதும் வாசித்து முடிக்கத் தேவையில்லை.

2. ஒலி வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்

வாங்குவதற்கு முன் செய்யவேண்டியது இது. பலர் வாங்கிய பின் செய்கிறார்கள்.

மூன்று வகை உண்டு. முதல் வகையில் தனி அம்ப் இல்லை, ரேடியோவே நேரடியாக ஸ்பீக்கர்களை ஓட்டும். இரண்டாவதில் டிக்கியில் ஒரு அம்ப் இருக்கும், ரேடியோவிலிருந்து அதற்குச் செம்பு வயர்களில் ஒலி வரும். மூன்றாவதில் அம்ப் வரை ஒளியிழை வரும்.

எஃப்10இல் டிக்கியின் இடப்பக்க உறையைத் திறந்து பாருங்கள். அம்ப் இருந்தால் அதன் பிளக்கைக் கவனியுங்கள். எல்லாம் செம்பு முனைகள் என்றால் இரண்டாம் வகை. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்திக் இழை நுழைந்து, அதன் நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் மூன்றாம் வகை.

மொஸ்ற் எனப்படும் இந்த ஒளியிழை ஒரு வளையமாக ஓடுகிறது. அம்பைக் கழற்றினால் வளையம் அறும். அம்ப் மட்டும் அல்ல, ரேடியோ, போன், திரை எல்லாமே ஊமையாகும். "கார் முழுக்கப் போச்சு" என்று பதறுபவர்களின் பாதிக் கதை இதுதான். இழையை 25 மில்லிமீற்றர் ஆரத்துக்குக் குறைவாக மடிக்கவும் கூடாது. மடித்தால் ஒளி கசியும், இழை உடையாவிட்டாலும் ஒலி விட்டு விட்டு வரும்.

மூன்றாம் வகைக் காரென்றால் என் தீர்ப்பு: கொம்பனி அம்பை விட்டுவிடுங்கள். ஸ்பீக்கரை மட்டும், அதே ஓம் (மின்தடை) அளவில் மாற்றுங்கள். அதற்கு மேல் போக ஒளியிழையைப் படிக்கும் தனிப் பெட்டி வேண்டும். அது முதல்முறை செய்பவருக்கான வேலை அல்ல.

3. அளந்து எழுதுங்கள்

ஸ்பீக்கர் பிளக்கைக் கழற்றி, ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மல்டிமீற்றரை ஓம் அளவில் வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 2 ஓம் என்றால் 1.6 முதல் 2 வரை. மீற்றரின் இரு கம்பிகளையும் முதலில் ஒன்றோடொன்று முட்டிப் பாருங்கள். அப்போதே 0.3 காட்டினால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 2 ஓம் ஸ்பீக்கரில் இந்தச் சிறு பிழையே பெரிய பிழை.

கொம்பனி அம்பில் 2 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் வைத்தால் அம்ப் கொடுக்கும் சக்தி பாதியாகும், சத்தம் ஏறத்தாழ 3 டெசிபெல் இறங்கும். திருப்பிச் செய்தால் ஆபத்து. 4 ஓமுக்கென்று செய்த அம்பில் 2 ஓம் வைத்தால் மின்னோட்டம் இரட்டிப்பாகி அம்ப் சுட்டுக்கொண்டே அணையும், அல்லது எரியும். கச்சான் காற்றுக் காலத்தில் மத்தியானம் வெயிலில் நின்ற காரின் டிக்கியில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

ஓமுக்கு அடுத்து ஆழம். கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் அமரும் விளிம்பிலிருந்து கண்ணாடி வரை அளவுங்கள். கண்ணாடி மேலே நிற்கும்போது அளந்தால் எந்த ஸ்பீக்கரும் பொருந்துவதுபோலத்தான் தெரியும். எஃப்10இன் கதவிலுள்ள மிட், அதாவது நடு ஓசைக்கான ஸ்பீக்கர், 100 மில்லிமீற்றர் வகை. ஆணித் துளைகள் பொதுவான வட்ட ஸ்பீக்கருக்குரியவை அல்ல என்பதால், பி.எம்.டபிள்யூவுக்கென்று வார்த்த சட்டகமுள்ளதை வாங்குவதே நல்லது.

மூன்றாவதாக ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரே சக்திக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. 91 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 88 டெசிபெல் வாங்கினால் அதே சத்தத்துக்கு இரட்டிப்பு வாற்ஸ் வேண்டும். அட்டையில் பெரிதாக அச்சடித்த "300 வாற்ஸ்" உதவாது. ஆர்.எம்.எஸ் (தொடர்ந்து தாங்கும் சக்தி) என்று சிறிதாக எழுதியிருப்பதைப் பாருங்கள்.

4. வேலைக்கு முன் கையில் இருக்கவேண்டியவை

பிளாஸ்திக் நெம்புகோல்கள், டொர்க்ஸ் டி20, டி30 முனைகள், மல்டிமீற்றர், டோர்ச், 1.5 வோல்ற் பேனா பற்றரி ஒன்று, மென்துணி, ஐசோபுரோப்பைல் அற்ககோல், துணி வகை ஒட்டு ரேப், சிறு ரோலர்.

கதவுக்குக் குறைந்தது பத்து புதுக் கிளிப்கள். இந்த வெயிலில் காய்ந்த பழைய கிளிப்கள் கழற்றும்போது உடைவது நிச்சயம். கிளிப் இல்லாமல் திரும்பப் பூட்டும் கதவு முதல் பள்ளத்திலேயே கடகடக்கும்.

வயர் வெட்டாமல் இணைக்கும் மாற்றுப் பிளக். இதைத் திருகோணமலையில் தேடி அலைவதைவிட, கொழும்பிலிருந்தோ வெளியிலிருந்தோ முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பிளக் வந்து சேரும்வரை காரைத் தொடாதீர்கள். டோர் போர்ட் இல்லாத காரோடு ஒரு கிழமை பார்சலுக்குக் காத்திருப்பது நடக்கக்கூடியதே.

அதிர்வு அடக்க பியூட்டில் தாள், 2 மில்லிமீற்றர், அலுமினிய முகமுள்ளது. கூரைக்கு ஒட்டும் தார்த் தாள் மலிவு. ஆனால் இங்கத்தைய வெயிலில் அது இளகும், காருக்குள் தார் வாசம் நிற்கும், போகாது.

வயர் வாங்கும்போது ஒரு சோதனை. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். மேலே வெள்ளி, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, உப்புக்காற்றுக்கு அதுதான் தகும். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளி என்றால் செம்பு பூசிய அலுமினியம். கடலோரத்தில் அது முனையிலிருந்து பொருக்குப் பற்றி வரும்.

5. பற்றரியும் எயார்பேக்கும்

கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காரின் கணினிகள் விழித்திருக்கும். ஐந்து மணித்தியால வேலையில் பற்றரி இறங்கிப் புதுப்புதுப் பிழைச்செய்திகள் வரும். வேலை தொடங்கும்போதே பற்றரியைக் கழற்றுங்கள். சோதிக்கும் நேரங்களில் பற்றரியைத் திரும்ப மாட்டி, சார்ஜரையும் கொடுத்து வையுங்கள்.

சீற்றின் அடியில் காணும் மஞ்சள் பிளக் எயார்பேக்குக்குரியது. பற்றரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழிந்த பின்தான் அதைத் தொடலாம். அது கழன்றிருக்கையில் இக்னிஷன் போட்டால் எயார்பேக் விளக்கு எரிந்து நிற்கும். ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும். "ஒரு நிமிசம் ரேடியோ பாடுதா எண்டு பாப்பம்" என்ற ஆசையில்தான் இது நடக்கிறது.

இன்னொன்று. பல ஐரோப்பியக் கார்களின் முன்கதவினுள் அழுத்த உணரி இருக்கும். மோதலின்போது கதவுக்குள் காற்றழுத்தம் ஏறுவதை வைத்து அது எயார்பேக்கை எழுப்பும். ஆகவே டோர் போர்ட் கழன்ற நிலையில் இக்னிஷன் போட்டுக் கதவை அறைந்து சாத்தாதீர்கள். புது ஸ்பீக்கருக்காகக் கதவின் உள்தகட்டில் பெரிய துளை வெட்டவும் வேண்டாம்.

6. டோர் போர்ட்டைக் கழற்றுதல்

காலையில், நிழலில் செய்யுங்கள். கொதிக்கும் டோர் போர்ட்டில் நெம்புகோல் அழுத்தினால் தழும்பு விழும்.

அலங்காரப் பட்டைகளை முதலில் எடுங்கள், ஆணிகள் அவற்றின் பின்னால் ஒளிந்திருக்கும். எல்லா ஆணியும் வந்த பிறகே கிளிப்களை நெம்ப வேண்டும். கீழ் மூலையில் தொடங்கி, ஒவ்வொரு கிளிப்பாக, நெம்புகோலைக் கிளிப்புக்கு அருகில் வைத்து. இரண்டு கிளிப்புக்கு நடுவில் இழுத்தால் பலகைதான் பிளக்கும். கிளிப்கள் விட்டதும் போர்ட்டை மேல்நோக்கித் தூக்குங்கள், வெளியே இழுக்காதீர்கள். கண்ணாடி ஓரத்தில் அது கொக்கிபோல் தொங்குகிறது.

கைபிடிக் கேபிளும் பிளக்குகளும் பின்னால் மாட்டியிருக்கும். ஒரு கையால் போர்ட்டைத் தாங்கியபடி மறுகையால் கழற்றுங்கள். இரண்டாவது ஆள் ஒருவர் நின்றால் நல்லது. ஒவ்வொரு பிளக்கையும் கழற்றுமுன் போனில் ஒரு படம்.

7. ஈரத்தடுப்பு

டோர் போர்ட்டுக்குப் பின்னால் நுரைத்தாள் ஒன்று கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். பலர் அதைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டுகிறார்கள். நுரைத்தாளின் முக்கிய வேலை சத்தம் அடக்குவதல்ல. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். மார்கழி மழையில் காப்பெற் நனைவதற்கு இந்த ஒரு கிழிசல் போதும். பசையைக் கத்தியால் மெல்ல வெட்டி முழுத்தாளாக எடுத்து, அதே பசையில் திரும்ப அழுத்துங்கள். பழைய பசை பிடிக்காவிட்டால் புது பியூட்டில் நாடா வையுங்கள்.

பியூட்டில் தாளைக் கதவின் வெளித்தகட்டின் உள்முகத்தில் ஒட்டுங்கள். அற்ககோலால் துடைத்து, காய்ந்த பின், ரோலரால் அழுத்தி. தகட்டில் மூன்றில் ஒரு பங்கு மூடினாலே அதிர்வு அடங்கும். முழுவதும் ஒட்டுவது கதவின் பாரத்தைக் கூட்டுமே தவிர வேறில்லை. கதவின் அடியிலுள்ள வடிதுளைகளை மூடிவிடாதீர்கள். மூடினால் கதவு தொட்டியாகிவிடும், பிறகு துரு.

எஃப்10 போல கதவில் நாலு அங்குல மிட் மட்டும் உள்ள கார்களுக்கு இந்த வேலை அவ்வளவு பெரிய வித்தியாசம் தராது, தாழ்ந்த ஓசை கதவிலிருந்து வராததால். ஆறரை அங்குல வூபர் கதவிலேயே உள்ள கார்களில் ஸ்பீக்கருக்கு முன்பே செய்யவேண்டியது இது.

8. மிட், ட்வீற்றர்

ட்வீற்றர் என்பது உயர்ந்த ஓசைக்கான சிறு ஸ்பீக்கர். பழைய ட்வீற்றரின் பின்புறத்தைப் பாருங்கள். சிறு உருளையான கப்பாசிற்றர் ஒட்டியிருக்கலாம். தாழ்ந்த ஓசை ட்வீற்றருக்குள் போகாமல் மறிப்பது அது. பழைய ட்வீற்றரோடு சேர்த்து அதையும் கழற்றிவிட்டுப் புதியதை நேரே கொடுத்தால், சத்தம் கூட்டிய முதல் பாட்டிலேயே எரியும்.

புதியதோடு கப்பாசிற்றர் வராவிட்டால்: 4 ஓம் ட்வீற்றருக்கு 4000 ஹேர்ற்ஸில் வெட்ட 10 மைக்ரோபரட், முனைவற்ற வகை, 50 வோல்ற் அல்லது மேல். கூட்டல் கழித்தல் குறியிட்ட சாதாரண வகை இங்கு உதவாது, வெடிக்கவும் கூடும்.

அடுத்தது முனைதிசை. கொம்பனி வயரின் நிறத்தை நம்பாதீர்கள். பேனா பற்றரியின் கூட்டலை ஸ்பீக்கரின் ஒரு முனையிலும் கழித்தலை மற்றதிலும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் கூட்டல் தொட்ட முனைதான் கூட்டல். பழையதையும் புதியதையும் இப்படிச் சோதித்து ஒரே திசையில் இணையுங்கள். ஒரு பக்கம் மாறிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் காருக்குள் பரவும். ட்வீற்றருக்கு இச்சோதனை வேண்டாம், அதன் அசைவு கண்ணுக்குத் தெரியாது. குறியைப் பார்த்தே இணையுங்கள்.

ஸ்பீக்கர் விளிம்புக்கும் பலகைக்கும் இடையில் மெல்லிய நுரை நாடா ஒரு சுற்று. ஆணிகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கதவு வழியே போகும் புது வயரையெல்லாம் துணி ரேப்பால் சுற்றுங்கள்.

9. சீற்றடி வூபர்

மின்சாரத்தில் நகரும் சீற்றென்றால் அதற்குமட்டும் பற்றரியை மாட்டுங்கள். சீற்றை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி போல்ற்களை எடுத்துவிட்டு, பற்றரியைத் திரும்பக் கழற்றி, சீற்றைப் பின்பக்கமாகச் சரியுங்கள். மஞ்சள் வயர் நீளம் விட்டால் பிளக்கைக் கழற்றவே தேவையில்லை.

வூபர் பெட்டியின் காற்று, காரின் பக்கச் சட்டத்தினுள் இருக்கும் வெற்றிடத்தோடு ஒரு வாயால் இணைகிறது. அந்த வாயைச் சுற்றிய நுரை அடைப்பான் நசுங்கியோ கிழிந்தோ இருந்தால் முன்காற்றும் பின்காற்றும் கலந்து தாழ்ந்த ஓசை காணாமல் போகும். புது வூபர் வைத்தும் "அடி இல்லை" என்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதை. அடைப்பானை எப்போதும் புதிதாக மாற்றுங்கள்.

சீற் போல்ற்களை அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட இறுக்க அளவில், டோர்க் ரெஞ்ச் கொண்டே பூட்டவேண்டும். இது உயிர்ச் சங்கதி. கருவி இல்லாவிட்டால் காரை ஓட்டாமல், பக்கத்துக் கராஜ்காரரை வரவழைத்து அதை மட்டும் இறுக்குவியுங்கள்.

இங்கே நிறுத்தி, ஒரு கிழமை கேளுங்கள். பாதிப் பேருக்கு இது போதும்.

10. அம்ப் சேர்ப்பதானால்

வூபருக்கு 100 வாற்ஸ் வீதம் இரண்டு, கதவுக்கு 50 வாற்ஸ் வீதம் இரண்டு, மொத்தம் 300 வாற்ஸ் என்று கொள்ளுங்கள். டி வகுப்பு அம்பின் திறன் 80 வீதம் என்றால் பற்றரியிலிருந்து 375 வாற்ஸ் வேண்டும். 13.8 வோல்ற்றால் வகுத்தால் 27 அம்பியர். ஆகவே 30 அம்பியர் பியூஸ், 10 சதுர மில்லிமீற்றர் வயர். எஃப்10இல் பற்றரி டிக்கியிலேயே இருப்பதால் வயர் குறைவு.

பியூஸ் பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள். பியூஸ் அம்பைக் காப்பதற்கல்ல, வயர் எங்காவது தகட்டில் உரசினால் கார் தீப்பற்றாமல் காப்பதற்கு.

கழித்தல் வயரைப் பற்றரி முனையில் நேரடியாகக் கட்டாதீர்கள். அந்த முனையில் மின்னோட்டத்தை எண்ணும் உணரி உண்டு. அதைத் தாண்டிக் கட்டினால் அம்ப் எடுக்கும் மின்னோட்டம் காரின் கணக்கில் வராது, சார்ஜ் குழம்பும். உடலில் பெயின்ற் சுரண்டிய வெறும் தகட்டில் போல்ற் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். உப்புக்காற்றில் பூசாத தகடு வெகு சீக்கிரம் துருவேறும்.

சில ரேடியோக்கள் ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்று கண்டால் அந்தப் பக்கத்தை அணைத்துவிடும். அப்படியானால் ரேடியோவிலிருந்து வரும் ஒவ்வொரு சோடி ஸ்பீக்கர் வயருக்கும் குறுக்கே 47 ஓம், 10 வாற்ஸ் தடையொன்றைப் போடுங்கள். தடை சுடும், துணிக்கு அருகில் வைக்காதீர்கள்.

11. அளவு வைத்தல்

அம்பிலுள்ள கெய்ன் திருகு ரேடியோவிலிருந்து வரும் ஒலியளவுக்கு அம்பைப் பொருத்துவது, சத்தத் திருகல்ல. ஸ்பீக்கர்களைக் கழற்றி, ஓசையைக் கூட்டிக் குறைக்கும் அளவுகளையெல்லாம் நடுவில் வைத்து, ரேடியோவை முக்கால் பங்கு கூட்டி, சோதனை ஓசை ஒன்றை ஓடவிடுங்கள். அம்பின் முனையில் ஏசி வோல்ற்றை அளந்து, வாற்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த இலக்கம் வரும்வரை திருகுங்கள். 50 வாற்ஸ், 4 ஓம் என்றால் 14.1 வோல்ற். 100 வாற்ஸ், 2 ஓம் என்றாலும் அதே 14.1. வூபருக்கு 50 ஹேர்ற்ஸ் ஓசை, கதவுக்கு 400. மலிவு மீற்றர்களில் பல 400 ஹேர்ற்ஸுக்கு மேல் குறைத்துக் காட்டும். 1000இல் அளந்தால் கெய்ன் கூடிப்போய் ட்வீற்றர் போகும்.

வூபருக்கும் மிட்டுக்கும் எல்லை 160 ஹேர்ற்ஸ் அளவில் தொடங்குங்கள். நாலு அங்குல மிட்டை 100க்குக் கீழே இறக்கினால் அது கத்தும், பாடாது.

கிட்ட உள்ள ஸ்பீக்கரின் ஒலியைச் சற்றுப் பிந்தவிட்டு, இரு பக்க ஒலியும் ஒரே நேரத்தில் காதை எட்டச் செய்யும் தாமதக் கணக்கில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் தயார் இலக்கங்கள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங் கார்களுக்கானவை. நமது கார்களில் வலப்பக்க ஸ்பீக்கர்தான் ஓட்டுபவருக்குக் கிட்ட. நாடா எடுத்து உங்கள் காதிலிருந்து அளவுங்கள். இடது மிட் 130 சென்ரிமீற்றர், வலது 90 என்றால் வித்தியாசம் 40. ஒலி ஒரு மில்லிசெக்கனில் 34.3 சென்ரிமீற்றர் போகும். எனவே வலப்பக்கத்தை 1.17 மில்லிசெக்கன் தாமதியுங்கள்.

காதால் சரிபார்க்க நாதஸ்வரம், தவில் பதிவைவிட நல்லது கிடையாது. தவிலின் தொப்பி அடி முன்னாலிருந்து வரவேண்டும். சீற்றுக்கு அடியிலிருந்து வந்தால் வூபர் கூடிப்போயிற்று. நாதஸ்வரம் மேல் சட்ஜத்தில் காதைக் குத்தினால் 3000 முதல் 4000 ஹேர்ற்ஸ் வரை இரண்டு டெசிபெல் குறையுங்கள்.

12. பூட்டிய பின்

உள்துறைமுக வீதியில் காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள், பிறகு நிலாவெளி வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில். ஓட்டத்தில் மட்டும் வரும் கடகடப்பு கிளிப் அல்லது சுற்றாத வயர். நிறுத்தியும் வந்தால் ஸ்பீக்கர் ஆணி. எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் கீச்சொலி என்றால் கழித்தல் இணைப்பைப் பாருங்கள்.

அம்ப் சேர்த்தவர்கள் இன்னொன்றும் செய்யவேண்டும். டிக்கிப் பூட்டைத் திருப்புளியால் தட்டி மூடியதுபோல் காட்டி, காரைப் பூட்டி, ஒரு மணித்தியாலம் விட்டு, கழித்தல் வயரில் மின்னோட்டத்தை அளவுங்கள். 50 மில்லி அம்பியருக்குக் கீழே இருந்தால் கார் தூங்குகிறது. அதற்கு மேல் நின்றால் அம்ப் அணையாமல் இருக்கலாம். அப்படியென்றால் சில நாள் கார் நின்றாலே பற்றரி படுத்துவிடும். அம்பை எழுப்பும் வயர் நிரந்தர மின்னில் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதல் பெருமழைக்குப் பிறகு காப்பெற்றைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஏழாம் படிக்குத் திரும்புங்கள், நுரைத்தாளின் கீழ் ஓரத்திலிருந்து.